குட்டை நெல்லும் கமலாவும்

2025 மே மாசம் 'கமலா'ன்னு ஒரு நெல் ரகத்தை மத்திய அரசு அறிவிச்சுது. மரபணுவைத் திருத்தி உருவாக்கின நெல். "ஹார்மோன்லயே கை வெச்சுட்டாங்க, இனி சோறு சோறா இருக்காது"ன்னு ஒரு கூட்டம். "இனிமே பஞ்சமே கிடையாது"ன்னு இன்னொரு கூட்டம். ரெண்டு கூட்டத்துக்கும் ஒரு பழைய கதை சொல்லணும்னு ரொம்ப நாளா ஆசை.

எங்க காரைக்குடிப் பக்கம் கண்மாயை நம்பி நெல் போடற வறண்ட பூமி. நகரத்தார் பர்மாவுக்குக் கப்பலேறி, ஐராவதி டெல்டா நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தாங்க. 1930களின் மந்தத்துல கடன் திரும்பலை. 1938-ல கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்கள்ல கால்வாசி நிலம் அவங்க பேருக்கு வந்துடுச்சு. 1942-ல ஜப்பான் படை ரங்கூனைப் பிடிச்சதும் நிலமும் போச்சு, இங்க வந்துக்கிட்டிருந்த பர்மா அரிசியும் நின்னு போச்சு.

அப்புறம் என்ன, இருக்கற நிலத்துலயே கூட விளையணும். உரம் போட்டாங்க. நம்ம நெட்டை நெல்லு இன்னும் நெட்டையா வளர்ந்து, கதிர் முத்தற நேரத்துல சாய்ஞ்சு படுத்துடும்.

தீர்வு தைவான்லேர்ந்து வந்தது. அங்க 'டீ-ஜியோ-வூ-ஜென்'னு ஒரு குட்டை நெல் இருந்துச்சு. அதை வெச்சு 1956-ல தைச்சுங் நேட்டிவ்-1, 1966-ல பிலிப்பைன்ஸ்ல ஐ.ஆர்.8. ரெண்டும் உரத்தைத் தாங்கி நிமிர்ந்து நின்னுச்சு. ஏன் குட்டைன்னு அப்போ யாருக்கும் தெரியாது.

வேடிக்கை என்னன்னா, பதிலோட முதல் பாதியும் தைவான்லதான் கிடைச்சது. நாத்து கன்னாபின்னான்னு உயர்ந்து சாகற ஒரு நோய்க்கு, ஒரு பூஞ்சை சுரக்கற பொருள்தான் காரணம்னு 1926-ல குரோசாவா அங்கதான் காட்டினார். 1935-ல அதுக்கு ஜிப்பெரெலின்னு பேர் வெச்சாங்க. செடியே சுரக்கற வளர்ச்சி ஹார்மோனும் அதுதான்னு பின்னாடி தெரிஞ்சுது. மறுபாதி 2002-ல வந்தது. குட்டை நெல்லுல, ஜிப்பெரெலின் தயாரிக்கற ஒரு மரபணுவுல 383 எழுத்து காணோம்! ஹார்மோன் குறைவு, அதனால தண்டு குட்டை. அவ்வளவுதான் சங்கதி.

இப்போ நம்ம கடையில 'பி.பி.டி.'ன்னு கேட்டு வாங்கறோமே, சம்பா மசூரி, அதோட ஜாதகத்தைப் பாருங்க. 1986-ல ஆந்திராவின் பாபட்லாவுல வெளியிட்டது. கோயம்புத்தூரோட ஜி.இ.பி.24, மலாயாவோட மசூரி, கூடவே தைச்சுங் நேட்டிவ்-1. ஆக, ஹார்மோன் குறைஞ்ச நெல்லைத்தான் நாம ரெண்டு தலைமுறையாச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம் :)

கமலா அதே சம்பா மசூரியைத் திருத்தினதுதான். ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோட வேலை. சைட்டோகைனின்னு இன்னொரு ஹார்மோன். அதை அழிக்கற நொதி குறைஞ்சா கதிருல மணி கூடும்னு 2005-ல ஜப்பான்ல நகோயா பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்சாங்க. அந்த நொதிக்கான மரபணுவைத்தான் இங்க முடக்கியிருக்காங்க. வேற உயிரோட மரபணு எதுவும் இதுல இல்ல. விளைச்சல் 19 சதவீதம் கூடும், 20 நாள் முன்னாடியே அறுக்கலாம்னு அரசு சொல்லுது. கண்மாய்ப் பாசனத்துல 20 நாள்னா சும்மா இல்ல. கடைசித் தண்ணிக்கு வானத்தைப் பார்க்க வேண்டாம்.

அதனால ஹார்மோன்னு கேட்டதும் மிரள வேண்டாம்ங்கறது என் கட்சி. ஆனா குட்டை நெல் வந்தப்போ கேட்காம விட்ட கேள்விகளை இப்போ கேட்கணும். தண்டு குட்டையானா மாட்டுக்கு வைக்கோலும் குறையும். உரமும் தண்ணியும் இருந்த டெல்டாவுக்குக் கிடைச்ச லாபம் வானம் பார்த்த பூமிக்குக் கிடைக்கலை. இந்த நெல்லைக் கண்மாய் வயல்ல போட்டுப் பார்த்தாச்சா? மரபணு வெட்டற கத்திரிக்கான முக்கியக் காப்புரிமைகள் வெளிநாட்டு நிறுவனங்கள்கிட்ட இருக்கே, விதை விலையில அது ஏறுமா?

உங்க ஊர்ல குட்டை நெல்லுக்கு முன்னாடி என்ன நெல் போட்டாங்க? வீட்டுல பெரியவங்க இருந்தா கேட்டு எழுதுங்களேன். அதுவும் சரித்திரம்தான்.