கையால் கோக்க வேண்டாத மெமரி

போன எபிசோடில் கோர் மெமரியைப் பார்த்தோம். மிளகைவிடச் சின்னக் காந்த வளையங்கள். ஒரு வளையத்துக்கு ஒரு பிட். பூக்கட்டுற மாதிரி ஒவ்வொண்ணுக்குள்ளயும் கம்பியை நுழைச்சுக் கோக்கணும். பெரும்பாலும் பெண்கள்தான், மைக்ராஸ்கோப்பைப் பார்த்துக்கிட்டே கோத்தாங்க. இந்தக் கோக்கிற வேலையே இல்லாம மெமரி பண்ண முடியாதா?

1955-ல் அமெரிக்காவில், மினசோட்டா மாநிலம் செயின்ட் பால் நகரத்தில், ஸ்பெரி ராண்ட் நிறுவனத்தின் சிட் ரூபென்ஸ் குழு அரசாங்கப் பணத்தில் ஒரு வழி தேட ஆரம்பித்தது. காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டிக்குள் ஒரு கண்ணாடித் தகடு. நிக்கலும் இரும்பும் கலந்த பெர்மலாயை ஆவியாக்கி அதன்மேல் புள்ளி புள்ளியாகப் படிய விடுவாங்க. கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரின்னு வெச்சுக்கங்க. ஒரு புள்ளி, ஒரு பிட். கம்பிக்குப் பதிலா அச்சிட்ட செப்புத் தடங்களை மேலே பொருத்தினா போதும்.

அழகு எங்கே இருக்குன்னா, படியும்போதே பக்கத்தில் ஒரு காந்தப்புலம் வைப்பாங்க. அதனால் புள்ளியின் காந்தத்துக்கு ஒரு 'பிடித்த திசை' அமைஞ்சிடும். இந்தப் பக்கம் பார்த்தா 0, எதிர்ப்பக்கம் பார்த்தா 1. வளையத்தில் காந்தம் பகுதி பகுதியாகத்தான் மாறும். இங்கே பரேடில் நிக்கிறவங்க மாதிரி மொத்தமா ஒரே நேரத்தில் திரும்பும். வேகம் வந்தது அதனாலதான்.

1962-ல் வந்த யூனிவாக் 1107-க்கு 'தின் ஃபிலிம் மெமரி கம்ப்யூட்டர்'னே பேர். உள்ளே பார்த்தா? படல மெமரி வெறும் 128 வேர்ட், ஒவ்வொண்ணும் 36 பிட். நம்ம கணக்கில் 576 பைட். தமிழில் கொஞ்சம் நீளமா ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போட்டாலே நிறைஞ்சிடும்! மெயின் மெமரி முழுக்க அதே பழைய வளையங்கள்தான். படலத்துக்கு 0.6 மைக்ரோசெகண்ட், வளையத்துக்கு 4.

காரணம் விலை. எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி வரணும்; வராது. படலம் மெல்லிசா இருக்கிறதால சிக்னலும் மெல்லிசு. என்னைக் கேட்டா, அந்த 128 வேர்ட் ஏமாற்றுவேலை இல்லை. ஓயாம தொட்டுக்கிட்டே இருக்கிற ரெஜிஸ்டர்களுக்கு மட்டும் வேகத்தைச் செலவழிச்சாங்க, அவ்வளவுதான்.

செலவைப் பத்திக் கவலைப்படாத ராணுவக் கம்ப்யூட்டர்களில் படலம் அதிகமாவே போனது. ஐபிஎம் ஒரு மெகாபைட் படல மெமரியோட சிஸ்டம்/360 மாடல் 95-ஐச் செய்தது. மொத்தமே ரெண்டு மெஷின், ரெண்டும் நாசாவுக்கு. இதுக்கிடையில, ஒழிக்க நினைச்ச வளையத்தின் விலை வருஷா வருஷம் இறங்கிக்கிட்டே வந்தது. 1970-ல் இன்டெல் 1103 சிப்பைக் கொண்டுவந்தது. அடுத்து விழ ஆரம்பிச்சது அந்த வளையம்தான்.