காதற் புதினங்களும் மகளிர் வாசிப்பும்

தமிழ்ப் புதின வரலாற்றினை எழுதப் புகுந்தோர், 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தையும், அந்நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய கமலாம்பாள் சரித்திரம், பத்மாவதி சரித்திரம் ஆகியவற்றையும் விரிவாக ஆராய்வர். அதன்பின் பெரும்பாலும் மணிக்கொடிக் காலத்திற்குத் தாவிச் செல்வர். இடைப்பட்ட ஆண்டுகளில் மகளிர் விரும்பிப் படித்த காதற் கதைகளோ, ‘பொழுதுபோக்கு நூல்கள்’ என்னும் ஒரு தொடரில் அடங்கி மறைகின்றன. அவற்றின் இலக்கியத் தகுதியை நிலைநாட்டுதல் எம் நோக்கமன்று. மகளிர் அவற்றை ஏன் விரும்பினர் என்பது வரலாற்று வினாவாகும். அதற்கு விடை காணாதவரை நம் புதின வரலாறு நிறைவுறாது என்பதே ஈண்டு யாம் கூற விழைவது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்து மகளிருள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவினரே. அந்நாளில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் கதைகள் பெருவழக்குப் பெற்றன. ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கிலக் கதாசிரியரைத் தழுவியனவும் அவற்றுள் உண்டு. மருமமும் துப்பறிதலும் மேலே நிற்பினும், காதலர் பிரிதலும் கூடுதலுமே பல கதைகளுக்கு உள்ளீடு. ஆயினும் அவை ஆடவர் எழுதியவை. மகளிர் அவற்றைப் படித்தனர். ஆனால் அவை மகளிரை நோக்கி எழுதப்பட்டனவல்ல.

இந்நிலையை மாற்றியவருள் தலையாயவர் வை. மு. கோதைநாயகி அம்மையார் (1901-1960). பள்ளிக் கல்வி பெறாது, குழந்தைப் பருவத்திலேயே மணம் செய்விக்கப்பெற்றவர் அவர். 1924இல் வெளிவந்த ‘இந்திரமோகனா’ என்னும் தம் முதல் நாடகத்தை அவர் வாயாற் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார் என்பர். 1925இல் ‘ஜகன்மோகினி’ என்னும் இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். அவர் எழுதிய புதினங்கள் 115 எனக் கணக்கிடுவர். வாய்மொழியாகப் பிறந்த கதைத்திறன் ஆதலின், அவர் நடையில் எழுத்தைக் காட்டிலும் பேச்சே மிகுதி. புலவர் இதனைக் குறையெனக் கருதலாம். கேட்போர்க்கு இதுவே வாயிலாயிற்று.

‘கேட்போர்’ என யாம் கூறுவது காரணம் பற்றியே. எழுத்தறிந்த ஒருத்தி உரக்கப் படிக்க, அறியாதார் சூழ்ந்திருந்து கேட்ட வழக்கம் அக்காலத்து இல்லங்களில் இருந்தது. எனவே, விற்ற படிகளின் எண்ணிக்கை கொண்டு மகளிர் வாசிப்பை அளத்தல் பொருந்தாது. ஒரு படி ஒரு கூட்டத்தின் உடைமை.

இனி, கதைப்பொருளை நோக்குவாம். பெண்ணின் வாழ்வில் தலையாய திருப்பம் திருமணம். அதனைப் பற்றி அவள் கருத்தைக் கேட்பாரோ அக்காலத்தில் அரியர். பெண்ணின் மணவயதைப் பதினான்காக வரையறுத்த குழந்தைமணத் தடைச்சட்டம் 1929இல் நிறைவேறி, 1930 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. குழந்தை மணம் பரவியிருந்த குடும்பங்களில், மணத்திற்கு முன் காதல் என்பதற்கு இடமே இல்லை. இத்தகைய இல்லங்களில் இருந்தோர்க்கு, தலைவி தன் உள்ளம் நாடியவனை எண்ணுவதும், பெற்றோர் தேர்ந்த பொருந்தா மணத்தை மறுப்பதும், ஈற்றில் தன் விருப்பமே நிறைவேறக் காண்பதும் வெறும் கதையல்ல. வாழ்வு மறுத்த ஒன்றைக் கதை அளித்தது. அது காதல் என்பதினும், ‘உன் விருப்பம் யாது?’ என்னும் வினாவே எனல் பொருந்தும்.

தொல்காப்பியம் கற்றார்க்கு இவ்வமைப்பு முற்றிலும் புதிதன்று. களவில் தொடங்கி, இடையூறு கடந்து, கற்பில் முடிதல் அகத்திணை நெறி. தோழி அறத்தொடு நிற்பதும் தலைவியின் விருப்பத்தைப் பெற்றோர் ஏற்கச் செய்தற்கே. இதனால் இப்புதினங்கள் சங்க மரபினின்று நேரே பிறந்தன என்று யாம் கூறவில்லை, அதற்குச் சான்றில்லை. ஒப்புமை மட்டுமே ஈண்டுச் சுட்டப்படுகிறது.

ஈண்டு ஒரு தடை எழும். இக்கதைகள் இறுதியில் பெண்ணைப் பழைய குடும்ப நெறிக்கே மீட்டுச் செல்கின்றன. ஆதலின் அவை அவளை உறங்கவைக்கும் தாலாட்டு அல்லவோ என்பர். இதில் உண்மை உண்டு. ஆயின், அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட நூலில் காட்டும் வேறுபாடு கருதத்தக்கது. காதற் புதினம் படிக்கும் இல்லத்தரசியரையே வினவி அறிந்த அவர், நூல் கூறும் பொருள் வேறு, படித்தல் என்னும் செயல் வேறு எனக் கண்டார். பிறர்க்கே உழைத்த பெண், நூலைக் கையிலெடுத்து ‘இப்பொழுது எனக்குரியது’ என ஒதுங்குவதே ஒரு சிறு மறுப்பு. நூலின் முடிவு பணிவாயினும், அச்செயல் பணிவன்று. நாடும் காலமும் வேறாயினும், நம் இல்லங்களை ஆராயவும் இவ்வேறுபாடு துணைசெய்யும்.

பின்னர் மருத்துவம் பயின்ற லட்சுமியும், அவர்க்குப்பின் மாத நாவல்கள் வழியே ரமணிசந்திரனும் இவ்வாசகர் கூட்டத்தை வளர்த்தனர். எழுத்தறிவும் மணவயதும் உயர்ந்த பின்னும் அவ்விருப்பம் குன்றாமை, அதன் வேர் கல்லாமையில் இல்லை என்பதைத் தெளிவிக்கும்.

ஆயினும் எம் முடிவுகளுக்கு ஓர் எல்லை உண்டு. நூல்களைக் கொண்டு வாசகரை உய்த்துணர்ந்தோமேயன்றி, வாசகரைக் கேட்டறிந்தோமல்லம். ஜகன்மோகினி காலத்துக் கதைகளைத் தாய் படிக்கக் கேட்டு வளர்ந்தோர் இன்று மிக முதியர். அவர் நினைவு நூலகத்தில் கிடைப்பதன்று. முதுகலை மாணவர் இதழ்களைத் தேடுமுன் தம் இல்லத்து மூதாட்டியரை வினவுவாராயின், ஒரு வரலாறு அழியாது காக்கப்படும்.