மஞ்சள் சிவந்த கதை

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது தருமபுரிப் பக்கம் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் தெரியும். கல்யாண வீட்டில் ஆரத்தி கரைப்பதே அப்படித்தான். அதை யாரும் வேதியியல் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்!

புத்தகங்களில் இந்தக் கதை பெரும்பாலும் 1664-ல் தொடங்கும். ராபர்ட் பாயில் நிறங்களைப் பற்றி எழுதிய நூலில், வயலெட் பூச்சாறு அமிலம் பட்டால் சிவப்பாகவும் காரம் பட்டால் பச்சையாகவும் மாறும் என்று குறிப்பிட்டார். பிறகு லைக்கன் என்ற பாசி போன்ற உயிரியிலிருந்து எடுத்த லிட்மஸ் ஆய்வகங்களில் இடம்பிடித்தது. 1909-ல் கோபன்ஹேகனில் சோரன்சன் பி.எச். அளவைக் கொண்டு வந்தார். அவர் வேலை பார்த்தது கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனி தொடங்கிய ஆய்வகத்தில் என்பது பலருக்குத் தெரியாது.

மஞ்சளையும் ஐரோப்பியர்கள் விட்டுவைக்கவில்லை. 1815-ல் அதன் நிறப்பொருளான குர்குமினைப் பிரித்தெடுத்தார்கள். மஞ்சள் தோய்த்த தாளும் அங்கே சோதனைத் தாளாகப் பயன்பட்டது. ஆரத்தித் தட்டில் நடப்பதும் அதே குர்குமின் வேலைதான்.

2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி (68.5 சதவீதம்). லிட்மஸ் தாள் இல்லாத பள்ளிக்கூடத்தில்கூட மஞ்சளை வைத்துப் பாடம் நடத்தலாம். மஞ்சள் கறை பட்ட வெள்ளைத் துணியில் சோப்பு போட்டால் சிவக்கும். அதன்மேல் எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும். சுண்ணாம்புத் தண்ணீர், சோடா உப்பு, சாம்பல் கரைத்த தண்ணீர் எல்லாம் காரம். ஆனால் மஞ்சளுக்கு ஒரு குறை உண்டு. புளித்தண்ணீரிலும் மஞ்சள்தான், நல்ல தண்ணீரிலும் மஞ்சள்தான். புளியைக் கண்டுபிடிக்கச் செம்பருத்திச் சாறு வேண்டும். அது அமிலத்தில் இளஞ்சிவப்பாகும், காரத்தில் பச்சையாகும்.

இந்த மாவட்டத்துக்குத் தேவைப்பட்ட முக்கியமான சோதனை ஒன்று மட்டும் சமையலறையில் கிடைக்கவில்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. பாறையிலிருந்து கரைந்து வருவது; லேசாகக் காரத்தன்மை உள்ள நீரில் அதிகம் கரையும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. அதற்கு மேல் உள்ள தண்ணீரைப் பல வருடம் குடித்தவர்களுக்குப் பல்லில் கறை படிந்தது, சிலருக்கு எலும்பே பாதித்தது. அதனால்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டு வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல்.