போலியோ பெற்ற இரட்டைப் பிள்ளைகள்

1952-இல் பம்பாயில் போலியோ பரவியது. கால் சூம்பிப்போன பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆளில்லை. மறு ஆண்டே கே.இ.எம். மருத்துவமனையில், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, பிசியோதெரபி பள்ளி தொடங்கியது. இந்த நாட்டில் என் தொழிலின் பிறப்பு அதுதான்.

அதே 1952-இல் கோபன்ஹேகனிலும் போலியோ. அங்கே மூச்சுத் தசைகளே செயலிழந்தன. பியோன் இப்சென் என்ற மயக்க மருத்துவர், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளைபோடச் செய்து, குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். பிள்ளை பிழைத்தாள். அதன்பின் பிளெக்டாம் மருத்துவமனையில் சுமார் 1,500 மாணவர்கள் இரவு பகலாக முறைவைத்துப் பை அமுக்கினார்கள். 1953 கடைசியில் இப்சென் அதே நகரில் ஒரு தனி வார்டு திறந்தார். இன்று நாம் ஐசியூ என்பது அதன் வழிவந்ததுதான்.

ஒரே நோய் பெற்ற இரட்டைப் பிள்ளைகள் இந்த இரண்டு தொழில்களும். அரை நூற்றாண்டுக் காலம் சரியாக முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை என்பதுதான் என் வருத்தம்.

படுக்கையின் கெடுதல் யாருக்கும் தெரியாமல் இல்லை. லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் 1947-லேயே அதைப்பற்றிக் காரசாரமாக எழுதிவிட்டார். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையாமல் கிடத்திய காலத்தில், பாஸ்டனில் லெவினும் லௌனும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்தக் கட்டுரை வந்ததும் 1952-இல்தான்! இருந்தும் ஐசியூ எதிர்த்திசையில் போனது. வென்டிலேட்டர் போட்டால் மயக்க மருந்து, மயக்க மருந்து போட்டால் படுக்கை. பிசியோ வந்து நெஞ்சில் தட்டிச் சளி எடுத்து, கைகாலை மடக்கி நீட்டிவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

நான் பிறந்தது குமுளிப் பக்கத்து ஆனைக்கரை. அப்பாவும் அம்மாவும் ஏலத்தோட்ட வேலைக்காக மலையேறியவர்கள். இப்போது மலைக்குக் கீழே ஓர் ஐசியூவில் வேலை. குமுளி மலை இறங்கி வரும் ஆம்புலன்சில் எங்கள் பக்கத்து ஆள் இருந்தால், என்ன கேஸ் என்று பல நேரம் கேட்கவே வேண்டாம். ஏலச்செடிக்கு அடிக்கிற மருந்துதான். குயினால்பாஸ் மாதிரி ஒன்று, தெரிந்தோ தெரியாமலோ உள்ளே போயிருக்கும்.

இந்த நோயாளிகள் ஏமாற்றுவார்கள். முதல் நாள் எச்சில் ஒழுகல், வியர்வை எல்லாம் அடங்கி, கண் திறந்து பார்ப்பார்கள். வெளியே வீட்டார் முகத்தில் தெம்பு வந்திருக்கும். ஆனால் 24 மணி நேரத்திலிருந்து 96 மணி நேரத்துக்குள் கழுத்து, தோள், மூச்சுத் தசைகள் திடீரெனத் தளரலாம். 1987-இல் இதைத் தனி நிலையாகப் பிரித்துக் காட்டியவர்கள் இலங்கையின் சேனநாயக்கவும் கரலியத்தவும். அவர்கள் பார்த்தது பத்தே நோயாளிகளை. அந்தப் பத்துப் பேரால் எத்தனை தோட்டத்து உயிர் தப்பியது என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

அதனால் எழுப்பி உட்கார வைக்கும் முன் என் முதல் வேலை கையையோ காலையோ பார்ப்பதல்ல. “அண்ணே, தலையணையில இருந்து தலைய மட்டும் தூக்குங்க. அப்படியே பிடிங்க.” ஐந்து விநாடி நின்றால் மேலே போகலாம். தாடை துடித்துத் தலை விழுந்தால் அன்றைக்கு உட்காருவது கிடையாது, டாக்டரிடம்தான் பேச்சு. பிறகுதான் மானிட்டர்: ஆக்சிஜன் அளவு, மூச்சு வேகம், பிரஷர் ஏற்றும் மருந்து எவ்வளவு ஓடுகிறது. கடைசியில் குழாய்கள். கழுத்து லைன், யூரின் பை, வென்டிலேட்டர் டியூப் எல்லாம் எந்தப் பக்கம் இறங்குகின்றன என்று பார்த்து, அந்தப் பக்கமே ஆளை இறக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைப் புத்தகத்தைவிட நர்சுகளிடம்தான் கற்றேன்.

இரட்டையர் மறுபடி பேசத் தொடங்கியது 2007 வாக்கில் என்பேன். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் பாலி பெய்லி குழுவினர் 103 நோயாளிகளை 1,449 தடவை உட்காரவும் நடக்கவும் வைத்துப் பார்த்தார்கள். அசம்பாவிதம் நூற்றுக்கு ஒன்றைக்கூடத் தொடவில்லை. 2014-இல் கேரல் ஹாட்ஜ்சன் தலைமையில் 23 வல்லுநர்கள், வென்டிலேட்டரில் இருப்பவரை எழுப்பலாமா என்பதற்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரம்பு வகுத்தார்கள். வென்டிலேட்டரில் ஆக்சிஜன் 60 சதவீதத்துக்கு மேல் போகாமல், மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டாமல் இருந்தால் அந்த இரண்டு கணக்கிலும் பச்சை.

2022-இல் அதே ஹாட்ஜ்சன் குழு 750 பேரை வைத்துச் செய்த ஆய்வு உற்சாகத்தைக் கொஞ்சம் தணித்தது. கூடுதலாக எழுப்பி நடமாட விட்டவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. இதயத் துடிப்புத் தாறுமாறாவது, பிரஷர் இறங்குவது போன்ற தொந்தரவு 9.2 சதவீதம் பேருக்கு. வழக்கமான அளவில் எழுப்பியவர்களுக்கு 4.1 சதவீதம். பழையபடி படுக்கவே விடலாம் என்று சிலர் பேசினார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அந்த ஆய்வில் இரண்டு தரப்பும் எழுந்தவர்கள்தான்; அளவில்தான் வித்தியாசம். ஆகவே மஞ்சளில் இருப்பவரைக் கட்டில் ஓரத்தில் கால் தொங்கவிட்டு உட்கார வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கும் டாக்டரும் நர்சும் பக்கத்தில் நின்றாக வேண்டும்.