சுவையும் துணிவும்

நமது மட்டாஞ்சேரி வணிகர் ஊர். மூட்டைக்குள் கைவிட்டு மிளகை அள்ளி, முகர்ந்து, பல்லிடைக் கடித்துப் பார்த்தே சரக்கின் தரம் அறிவர் தேர்ந்த வணிகர். அயலார் சொல்லை மட்டும் நம்பிக் கொள்முதல் செய்வோன் நெடுநாள் கடை நடத்த மாட்டான். ஆயினும் திரைப்படம் என்று வந்துவிட்டால், நம்மில் பலர் பிறர் நாவினாலேயே சுவை காண்கிறோம். இக்குறை நமக்கும் உண்டு; அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

தமிழ்த்திரை பேசத் தொடங்கியது 1931இல், 'காளிதாஸ்' படத்தில். நான்கே ஆண்டுகளில், 1935இல், 'பக்த நந்தனார்' வெளிவந்தது. நந்தனாராக நடித்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையாருக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம். அந்நாளில் அஃது எவரும் கேட்டறியாத தொகை. வேதியராக நடித்தவரோ புகழ்பெற்ற இசைவாணர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். இத்துணைப் பெரும் புகழுக்கும் அஞ்சாமல், அப்படத்தில் மனிதரைவிடப் பனைமரமும் எருமையும் ஆடுகளும் நன்றாக நடித்திருந்தன என்னும் கருத்துப்பட 'ஆனந்த விகடனில்' எழுதினார் கல்கி.

அதுவே முடிந்த முடிபு அன்று. 1953இல் 'அவ்வையார்' படத்தின் வாயிலாக அதே அம்மையார் தமிழர் நெஞ்சில் நீங்கா இடம் பெற்றார். கல்கியும் பிறரை எடைபோடுவதோடு நின்றவர் அல்லர். 1939இல் அவருடைய கதை 'தியாகபூமி' என்னும் படமாகிப் பிறருடைய தராசிலும் ஏறியது. மனமறிந்து சொன்ன கருத்தினால் இருவர் புகழும் குன்றவில்லை அன்றோ?

இனி மற்றொரு படம். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) படத்தால் தூண்டப்பெற்று, எஸ். பாலசந்தர் 1954இல் 'அந்த நாள்' படத்தை இயக்கினார். ஒரு கொலையைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக ஐயுறுவதே கதை. பாட்டில்லை, நடனமில்லை, சண்டையும் இல்லை. வெளிவந்தபோது வசூலில் அது தோற்றது. ஆயினும் தேசிய விருதுகளில் நற்சான்றிதழ் பெற்றது. இன்று தமிழின் சிறந்த படங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது.

சென்ற ஆண்டு சில குடும்பத்தினர் ஒன்றுகூடி இப்படத்தைக் கண்டோம். முடிந்ததும் பெரியவர் ஒருவர், "பாட்டில்லாத படம் உப்பில்லாப் பண்டம்" என்றார். யாவரும் தலையசைத்தனர், நாமும் அசைத்தோம். வீடு திரும்பும் வழியில் பள்ளியிற் பயிலும் நம் மகள் கேட்டாள்: "படம் ஓடும்போது நீங்கள் கண் இமைக்கவே இல்லையே, அப்பா! பிறகு ஏன் தலையாட்டினீர்கள்?"

நமக்கு விடை வரவில்லை. ரயில்வே அலுவலகத்தில் கண்டதைக் கண்டபடி பதிவேட்டில் எழுதிப் பழகிய கை நமது. அன்று நாவோ, கண்டதைச் சொல்லக் கூசியது. பெரியவர் மனத்தை நோகச் செய்யலாகாது என்று அதற்குக் காரணமும் கற்பித்துக்கொண்டோம். உண்மையில் அது மரியாதை அன்று, அச்சமே.

ஆதலின் இம்மலரில் எழுதிவிடுகிறோம்: அப்படம் நமக்கு மிகவும் பிடித்திருந்தது. பெரியவர் பாட்டை விரும்புபவர். அவருக்கு அது குறையாகப் பட்டதும் உண்மையே. மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் ஒலிக்கும் இவ்வூரில், வீட்டுக்கு வீடு சமையல் வேறு. அதனால் அண்டை வீட்டார் பகைவராவதில்லை. படத்தைப் பற்றிய கருத்தும் அத்தகையதே. பிடித்ததைப் பிடித்தது என்றும், பிடிக்காததைக் காரணத்தோடும் பண்போடும் சொல்வோமாக. நம் பிள்ளைகள் நம் சொல்லை மட்டும் கேட்பதில்லை. நம் முகத்தையும் பார்க்கின்றனர்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!