ஒரே இணைப்பில் பல பிணையங்கள்: ‘ட்ரங்க்’ முறையின் வரலாறும் எச்சங்களும்

ஆய்வுச்சுருக்கம்

இரு சுவிட்சுகளை இணைக்கும் ஒற்றைக் கம்பியில் பல மெய்நிகர் உள்ளகப் பிணையங்களின் தரவைக் கொண்டுசெல்லும் முறை ‘ட்ரங்க்’ எனப்படுகிறது. தொலைபேசி நிலையங்களுக்கு இடையிலான பொதுத்தடத்தையும் இச்சொல்லே குறித்தது. ‘ட்ரங்க் கால்’ என்னும் வழக்கைத் தமிழரும் அறிவர். 1998 வரை இம்முறை உருப்பெற்ற விதத்தையும், அக்காலச் சமரசங்கள் இன்றைய அமைவுக் கட்டளைகளில் நிலைத்திருப்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஈதர்நெட், சுவிட்ச், மெய்நிகர் உள்ளகப் பிணையம், ட்ரங்க், 802.1க்யூ.

முன்னுரை

1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் தோன்றிய ஈதர்நெட், கணினிகள் அனைத்தும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடாகும். அதில் ஒரு கணினி அனைவருக்குமென அனுப்பும் பரப்புச் செய்தி எல்லாக் கணினிகளையும் சென்றடையும். பிணையம் சிறிதாக இருந்தவரை இது குறையன்று. கணினிகள் பெருகியபோது பரப்புச் செய்திகளின் சுமையும் பெருகியது. துறைக்கொரு சுவிட்சும் தனிக் கம்பியும் அமைப்பது செலவு மிக்கது. கம்பிகளை மாற்றாமல் பிணையத்தை மட்டும் பிரிக்க இயலுமா என்பதே எழுந்த வினா.

குறிச்சீட்டுக் கருத்தின் தோற்றம்

ராடியா பெர்ல்மன் 1985இல் வகுத்த பரவுமர நெறிமுறை, பிணையத்தில் தரவு சுழன்றுகொண்டே இருப்பதைத் தடுத்தது. ஆயின் பல இணைப்புகளைப் பயனின்றி முடக்கியது. பெல்கோர் நிறுவனத்தின் டேவிட் சின்கோஸ்கியும் சேஸ் காட்டனும் 1988இல் வெளியிட்ட கட்டுரை, ஒன்றுக்கு மேற்பட்ட மரங்களைப் பயன்படுத்தலாம் எனவும், ஒரு சட்டகம் எந்த மரத்திற்குரியது என்பதை அச்சட்டகத்திலேயே குறிக்கலாம் எனவும் முன்மொழிந்தது. தரவோடு அதன் உரிமையிடத்தையும் சேர்த்தனுப்பும் இக்கருத்தே பிற்கால வளர்ச்சிக்கு வித்தாகும். 1990இல் கல்பனா நிறுவனம் ஈதர்நெட் சுவிட்சைச் சந்தைக்குக் கொணர்ந்தபின், இக்கருத்தைச் செயற்படுத்துவதற்கேற்ற கருவியும் கிட்டியது.

உறையும் சீட்டும்

1990களில் நிறுவனங்கள் தத்தமக்கென முறைகளை வகுத்தன. சிஸ்கோவின் ஐஎஸ்எல் முறை, மூலச் சட்டகத்தைத் தொடாமல் அதன் முன்னே 26 பைட்டுகளையும் பின்னே 4 பைட்டுகளையும் சேர்த்தது. இது கடிதத்தைப் பிறிதோர் உறையிலிடுவதை ஒக்கும். அவ்வுறையைப் பிரிக்கத் தெரியாத சுவிட்சுக்குச் சட்டகம் பயன்படாது.

1998இல் ஐஇஇஇ அமைப்பு வெளியிட்ட 802.1க்யூ தரநிலை வேறு வழியைத் தேர்ந்தது. அனுப்புநர் முகவரியை அடுத்து 4 பைட்டுச் சீட்டு ஒன்று சட்டகத்தினுள்ளேயே செருகப்பட்டது. முதல் 16 பிட்டுகள் 8100 என்னும் பதினாறடிமான எண்ணைத் தாங்கிச் சீட்டின் இருப்பை அறிவிக்கும். எஞ்சியவற்றுள் 3 பிட்டுகள் முன்னுரிமையையும், 12 பிட்டுகள் பிணைய எண்ணையும் குறிக்கும். 4096 எண்களுள் முதலும் இறுதியும் ஒதுக்கப்பட, 4094 எண்கள் பயன்படும். சட்டகத்தின் பெரும அளவும் 1518இலிருந்து 1522 பைட்டாக உயர்த்தப்பட்டது.

கட்டளைகளில் எஞ்சிய வரலாறு

இவ்விரு முறைகளின் போட்டி இன்றும் கட்டளை வரிகளில் காணக்கிடைக்கிறது. இரண்டையும் ஏற்கும் சிஸ்கோ சுவிட்சுகளில், ‘ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் என்காப்சுலேஷன் டாட்1க்யூ’ என முறையைத் தெரிவு செய்த பின்னரே போர்ட்டை நிலையான ட்ரங்காக்க இயலும். 802.1க்யூவை மட்டும் ஏற்கும் சுவிட்சுகளில் அக்கட்டளையே இல்லை. தோற்ற முறையின் தடமே அக்கட்டளை எனலாம்.

இரண்டாம் எச்சம் ‘நேட்டிவ்’ பிணையம் ஆகும். சீட்டறியாப் பழைய கருவிகளும் இயங்கவேண்டும் என்பதற்காக, சீட்டின்றி வரும் சட்டகங்களை ஒரு குறிப்பிட்ட பிணையத்திற்குரியனவாகக் கொள்ளும் விதிவிலக்கு வைக்கப்பட்டது. பழமைக்கு அளித்த இச்சலுகையே பாதுகாப்புக் குறையுமாயிற்று. இணைப்பின் இரு முனைகளிலும் நேட்டிவ் எண் வேறுபடின், ஒரு பிணையத்தின் தரவு மற்றொன்றில் கலந்துவிடும். மேலும், நேட்டிவ் பிணையத்திலேயே உள்ள கணினி இரு சீட்டுகள் இட்டுச் சட்டகம் அனுப்பினால், முதற்சுவிட்ச் வெளிச்சீட்டை அகற்றும். அடுத்த சுவிட்ச் உட்சீட்டைப் படித்து, செல்லத்தகாத பிணையத்திற்கு அதனைச் செலுத்தும். எனவேதான் பயன்படாத எண்ணொன்றை நேட்டிவாக அமைத்தலும், ட்ரங்கில் செல்லத்தக்க பிணையங்களைப் பட்டியலிட்டு வரையறுத்தலும் நல்வழக்கமாயின.

மூன்றாம் எச்சம் 12 பிட் வரம்பு. ஒரு நிறுவனத்திற்குப் போதுமான 4094 எண்கள், பல்லாயிரம் வாடிக்கையாளரைக் கொண்ட சேவையாளர்க்குப் போதவில்லை. 2005இன் 802.1ஏடி இரு சீட்டுகளை அடுக்க முறைப்படி இடமளித்தது. 2014இல் வெளியான விஎக்ஸ்லான் ஆவணம் 24 பிட் எண்ணைக் கொண்டு, ஏறத்தாழ 1 கோடியே 67 இலட்சம் பிணையங்களுக்கு வழிவகுத்தது. அது மூலச் சட்டகத்தை மீண்டும் உறையிலிடும் முறையே என்பது நோக்கத்தக்கது.

முடிவுரை

802.1க்யூ நிலைபெற்றதற்கு அது எவர்க்கும் பொதுவாக இருந்ததும், பழைய கருவிகளை ஒதுக்காததும் காரணங்களாகும். அதன் பாதுகாப்புக் குறையும் அப்பொறுமையிலிருந்தே பிறந்தது. ஆதலின் ட்ரங்க் அமைவைக் கற்பிப்போர் கட்டளைகளை மட்டுமன்றி, அவை தோன்றிய காரணத்தையும் உடன் கற்பித்தல் வேண்டும். காரணம் அறியாத மாணவர், நேட்டிவ் எண்ணை மாற்றாமல் விடுவதன் விளைவையும் அறியார்.