கடத்தும் பல்லுறுப்பிகளின் வரலாறு

கடத்தும் பல்லுறுப்பிகள் என்பவை மின்சாரத்தைக் கடத்தும் கரிமப் பல்லுறுப்பிகள் ஆகும். நெகிழி என்றால் மின்கம்பிக்கு உறை என்றே நெடுங்காலம் கருதப்பட்டதால், இவை தாமதமாகவே கவனம் பெற்றன.

1862 இல் இலண்டனில் என்றி லெத்தபி, கந்தக அமிலத்தில் அனிலீனை மின்னாற்பகுத்து நீல நிறப் பொருளொன்றைப் பெற்றார். அது இன்று பாலிஅனிலீன் எனப்படும் சேர்மத்தின் ஒரு வடிவம். நீண்ட சங்கிலி மூலக்கூறு என்ற கருத்தே அன்று இல்லை. 1958 இல் இத்தாலியின் கியூலியோ நட்டா அசிட்டிலீனைப் பல்லுறுப்பாக்கினார். கிடைத்தது எதிலும் கரையாத கரும்பொடி. அதை அளந்து ஆராய்வது கடினமாக இருந்தது.

திருப்பம் 1967 இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் நேர்ந்தது. இடெக்கி சிராக்காவாவின் ஆய்வகத்தில் வினையூக்கி தவறுதலாகத் தேவையானதைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு சேர்க்கப்பட்டது. பொடிக்குப் பதிலாகப் பளபளக்கும் படலம் உருவானது. சிராக்காவா அதைக் கழிவாக ஒதுக்காமல், காரணத்தை ஆராய்ந்து, படலம் செய்யும் முறையை ஒழுங்குபடுத்தினார். எனினும் உலோகம்போல் மின்னிய அப்படலம் மின்சாரத்தை நன்கு கடத்தவில்லை.

டோக்கியோ வந்திருந்த ஆலன் மெக்டயார்மிட் அப்படலத்தைக் கண்டு, சிராக்காவாவைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திற்கு அழைத்தார். அங்கு இயற்பியலாளர் ஆலன் ஈகரும் இணைந்தார். 1976 நவம்பரில் படலத்தின்மீது புரோமின் ஆவியைச் செலுத்தியபோது, மின்கடத்துதிறன் சில நிமிடங்களில் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது.

பாலிஅசிட்டிலீன் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி அமைந்துள்ளன. புரோமின், அயோடின் போன்ற ஆலசன்கள் சங்கிலியிலிருந்து இலத்திரன்களைப் பறிக்கின்றன. இதனால் தோன்றும் நேர்மின்னூட்டம் சங்கிலி வழியே நகர்கிறது. இச்செயலே மாசூட்டல் எனப்படுகிறது. சிலிக்கனில் கலக்கப்படும் மாசு மிகச் சிறிதளவே. இங்கோ கணிசமான அளவு தேவைப்படுகிறது. பெயர் ஒன்றாயினும் நடப்பது ஓர் ஆக்சியேற்ற வினை.

1977 இல் முடிவுகள் வெளியாயின. மூவருக்கும் 2000 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசுக்குறிப்பில் உள்ள 'கண்டுபிடிப்பு' என்ற சொல் கேள்விக்குரியது. ஆத்திரேலியாவின் டொனால்ட் வெயிசு குழுவினர் அயோடின் கலந்த பாலிபிர்ரோல் நன்கு கடத்துவதை 1963 இலேயே வெளியிட்டிருந்தனர். மாசூட்டலைக் கட்டுப்படுத்தி விளக்கமும் தந்தது பென்சில்வேனியக் குழு. முதலில் கண்டது அக்குழுவன்று.

பாலிஅசிட்டிலீன் காற்றில் சிதைவதால் பயன்பாட்டுக்கு வரவில்லை. அதன் இடத்தைப் பாலிஅனிலீன், பாலிதயோபீன் வகைகள் பிடித்தன. ஒளிப்படச் சுருளில் நிலைமின்னைத் தடுக்கும் பூச்சு, மின்தேக்கி ஆகியவற்றில் அவை பயன்பட்டன. 1990 இல் கேம்பிரிட்சில் இணைப்பிரட்டைப் பிணைப்புடைய பல்லுறுப்பியிலிருந்து ஒளியுமிழ் இருமுனையம் செய்யப்பட்டது.